ஒரு துளி வெள்ளை

கலரக்காவுக்கு உலகத்திலேயே ஆகாத பொருள் டியூப்லைட். "அது எரிய ஆரம்பிச்சாலே பொய் பேச ஆரம்பிச்சிடும்" என்பாள். துணிக்கடையில் எதை எடுத்தாலும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். துணியோடு நடையைக் கட்டிவிடுவாளோ என்று கடைக்காரர் பின்னாலேயே ஓடி வருவார். "பச்சைன்னு சொன்னீங்க, இதுல பாதி நீலம்" என்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள்.

அந்தக் கண் சும்மா வந்ததல்ல. பெயிண்ட் கடையில் பதினாலு வருஷம் நிறம் கலக்கியவள். உடைந்த சுவர்ச் சில்லு ஒன்றை யாராவது நீட்டினால் போதும். சொட்டுச் சொட்டாக விட்டு, குச்சியால் கலக்கி, அதே நிறத்தை எடுத்துக் கொடுத்துவிடுவாள். பிறகு கடைக்கு ஓர் இயந்திரம் வந்தது. பொத்தானை அழுத்தினால் அதுவே கலக்கும். முதலாளி அவளைப் பிரஷ்ஷும் உப்புத்தாளும் எடுத்துத் தரும் மூலையில் உட்காரவைத்தார். கலரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்றாம் மாதம் ஒரு தோல் டாக்டரம்மா கையில் சுவர்ச் சில்லோடு வந்து சண்டை பிடித்தார். இயந்திரம் மூன்று முறை கலக்கிக் கொடுத்தும் அவருடைய கிளினிக் சுவரில் ஒட்டுப்போட்டது போலவே தெரிகிறதாம். கலரக்கா எழுந்துபோய்ச் சில்லை வாசல் வெளிச்சத்தில் பார்த்து, வாளியில் நாலு துளி விட்டுக் கலக்கிக் கொடுத்தாள். மறுநாளே டாக்டரம்மா திரும்ப வந்தார்.

"சுவத்துக்குப் பண்றதைத் தோலுக்குப் பண்ணுவீங்களா?"

"ஏன், ரெண்டு கோட்டிங் அடிக்கணுமா?" என்றாள் கலரக்கா.

விளையாட்டாகக் கேட்டாள், விஷயம் அப்படித்தான் இருந்தது. டாக்டரம்மாவின் வேலை தழும்புகளோடு. மேடு பள்ளமாக இருப்பதை லேசராலும் நுண்ணூசியாலும் சமன் செய்வார். சமனான பிறகும் வெள்ளைவெளேரென்று நிற்கும் தழும்பில், அவரவர் தோல் நிறத்திலேயே மையை ஊசியால் இறக்கி மறைப்பார். பச்சை குத்துகிற மாதிரிதான், ஆனால் குத்தியது தெரியக் கூடாது. அந்த மையைக் கலப்பது கலரக்கா, இறக்குவது டாக்டரம்மா.

வருகிறவர்கள் பல ரகம். இரட்டைப் பிள்ளை பெற்ற ஒருத்தி, வயிற்றில் வரிவரியாக ஓடிய வெள்ளைக் கோடுகளைக் காட்டி, "வரிக்குதிரைகூட இவ்ளோ வெச்சிருக்காது" என்று சிரித்தபடி அழுதாள். உடற்பயிற்சி செய்து செய்து தோளெல்லாம் கோடு விழுந்த ஒரு லாரி டிரைவர், பெண்டாட்டிக்காக விசாரிக்க வந்ததாகச் சொல்லி இரண்டு நாள் சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் சட்டையைக் கழற்றினார். எல்லோருக்கும் டாக்டரம்மா சொல்வது ஒன்றுதான்: "மங்க வைப்பேன். சுத்தமா அழிக்கணும்னா ரப்பர் விக்கிற கடைக்குப் போங்க."

ஒரு பாடத்தை மட்டும் அவர் பலகையில் எழுதி மாட்டியிருந்தார். சுவரில் பெயிண்ட் காய்ந்தால் ஒரு படி கறுக்கும். அதனால் வாளியில் கொஞ்சம் வெளுப்பாகவே கலக்க வேண்டும். தோலில் எல்லாம் தலைகீழ். குத்திய அன்று கறுப்பாக, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். ஆறு வாரத்தில் வெளுத்து இறங்கும். அதனால் இரண்டு துளி அடர்த்தியாகவே கலக்க வேண்டும். கலரக்கா தலையை ஆட்டிக் கற்றுக்கொண்டாள். தலைதான் கற்றுக்கொண்டது. கை இன்னும் பெயிண்ட் கடையில்தான் இருந்தது.

இரண்டு வருஷம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. பிறகு நாத்தனார் வந்தாள்.

நாத்தனார் என்றால் கலரக்காவின் புருஷனுக்குத் தங்கை. அதே வீட்டில் மேல் அறையில் இருப்பவள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் சைகை மொழி ஆசிரியை. வகுப்பில் கைதான் அவளுக்கு வாய். அந்த வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு வெள்ளைத் தழும்பு. அதை வீட்டில் யாரும் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. தையற்காரரிடம் சொல்லி முழுக்கையை ஒரு விரற்கடை நீளமாகத் தைத்துக்கொள்வாள். எந்த வெயிலிலும் இறக்கியேதான் விட்டிருப்பாள்.

தழும்பு வந்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். கலரக்கா அந்த வீட்டுக்கு வாழவந்த நாலாம் மாதம். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் கைப்பிடியை அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுவிட்டு, கொடியில் துணி எடுக்கப் போனாள். அப்போது பத்தொன்பது வயதான நாத்தனார் எதற்கோ அவசரமாக உள்ளே வந்தாள். அலறல் கேட்டுத்தான் கலரக்கா ஓடிவந்தாள்.

"நேரம் சரியில்ல, நாம என்ன பண்ண முடியும்" என்றார் மாமியார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். கைப்பிடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கலரக்காவும் சொல்லவில்லை. புதுப் பெண், பயம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, ஒரு வருஷம் கழிந்த பிறகு சொல்வதற்கு வாயே வரவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டு அடுப்படிக்குப் போனாலும் கைப்பிடிகளை உள்பக்கம் திருப்பிவைத்துவிட்டுத்தான் மறுவேலை. அது யார் வீடு, அடுப்பு எரிகிறதா இல்லையா என்றெல்லாம் பார்ப்பதில்லை. நாத்தனார் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த முழுக்கைச் சட்டையே தன்னைப் பார்த்துச் சொல்வதாகத்தான் கலரக்காவுக்குப் பட்டது.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "அண்ணி, உங்க டாக்டர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டதும் கலரக்காவின் கையிலிருந்த கரண்டி நழுவியது.

தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும்போது ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் நின்று சைகையில் சொல்வார்களே, அந்த வேலைக்கு நாத்தனார் எழுதிப்போட்டிருந்தாள். ஏழெட்டு மாதத்தில் கேமரா முன்னால் தேர்வு இருக்குமாம். "பாக்கறவங்க கண்ணு தழும்புல போய் நின்னுட்டா சேதி நழுவிடும் டாக்டர்" என்றாள் கிளினிக்கில். டாக்டரம்மா கையை அமுக்கிப் பார்த்து, பழைய தழும்புதான், பண்ணலாம் என்றார். கூடவே ரப்பர் கடையையும் சொன்னார்.

லேசர் நாலு முறை நடந்தது. நாலு முறையும் கலரக்காவுக்கு வெளியே ஏதாவது அவசர வேலை முளைத்தது. நிறம் எடுக்கவேண்டிய நாளிலும் அவள் தப்பித்துக்கொண்டாள். நிறம் எடுப்பது நல்ல தோலிலிருந்துதானே. நாத்தனாரின் இடது கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தே கலந்துவிட்டாள். டாக்டரம்மா தானே கடைசி இரண்டு துளியைக் கூட்டி, முழங்கை அருகில் ஒரு பொட்டு அளவுக்குச் சோதனை வைத்தார். ஆறு வாரம் கழித்துப் பொட்டு எங்கே என்று தேடவேண்டியிருந்தது. அவ்வளவு பொருத்தம்.

"முழுக் கைக்கும் நானே கலக்கறேன் டாக்டர்" என்று கலரக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். கெடுத்தவளே சரிசெய்ய வேண்டும் என்று ஒரு வீம்பு.

அன்று காலை பத்தரை மணி. வடக்கு ஜன்னல். நாத்தனார் சட்டைக் கையை மடித்துவிட்டு, மரத்துப்போகிற களிம்பு பூசிய கையை மேசைமேல் நீட்டினாள். அதற்குமேல் தப்பிக்க வழி இல்லை. கட்டுப் பிரித்த நாட்களுக்குப் பிறகு கலரக்கா இப்போதுதான் அதைப் பார்த்தாள். கண் கலங்கியது. பலகைப்படி இரண்டு துளி அடர்த்தியாகவே கலந்திருந்த மையைத் தழும்பின் ஓரம் ஒரு கோடு தீட்டிப் பார்த்தாள். வெள்ளைமேல் அது ரத்தம் கட்டினாற்போல் தெரிந்தது. வெந்நீர் கொட்டிய அன்றைக்குத் தெரிந்த அதே மாதிரி. டாக்டரம்மா தொலைபேசியில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கலரக்காவின் கை தானாகப் போய் வெள்ளைப் புட்டியை எடுத்தது. ஒரு துளி. பெயிண்ட் கடைக் கை அல்லவா, காய்ந்தால் கறுக்கும் என்று அதுவே முடிவெடுத்துவிட்டது.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் தழும்பு தழும்பாகவே இருந்தது. வெள்ளைக்குப் பதில் சாம்பல் பூசினாற்போல ஒரு வெளிறல், அவ்வளவுதான். தேர்வுக்குப் பத்தே நாள்.

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். நாத்தனாரை அனுப்பிவிட்டுக் கலரக்காவிடம், "சில பேர் தோல்ல பொட்டு அளவுக்கு நின்னாலும் முழுக் கைக்கு நிறம் நிக்காது. உடம்பு வாகு அப்படி. இதோட நிறுத்திக்கலாம், வீணா குத்தக் கூடாது. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார்.

கலரக்காவுக்குக் கேட்டதும் முதலில் வந்தது நிம்மதி. அதை மறைப்பானேன்? பழி தோலின்மேல் விழுந்தது. மறுபடியும் 'நேரம் சரியில்ல' கதைதான். தலையை ஆட்டிவிட்டால் முடிந்தது. ஆனால் அப்படி ஆட்டினால், நிறம் நன்றாகவே நிற்கிற ஒரு தோலை நிற்காது என்று சொல்லிக் கதவைச் சாத்தினதாக ஆகும். வெந்நீர் தெரியாமல் நடந்தது. இது தெரிந்தே செய்வதல்லவா? மதியம் ஒரு மணிக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள். வழிநெடுக எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து, ஏழு விதமாக ஆரம்பித்து, ஏழையும் மறந்தாள்.

பள்ளியில் சத்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு ஆச்சரியம். பெஞ்சு இழுபடுகிறது, காலால் தரையைத் தட்டுகிறார்கள், எவனோ சிரித்துச் சிரித்து விக்குகிறான். தாழ்வாரத்தில் மூன்றாவது ஜன்னல். எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

நாத்தனார் சட்டைக் கை இரண்டையும் முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வெளிறிய தழும்பு ஊருக்கே தெரிகிறது. அவள் அதைச் சட்டை செய்யவே இல்லை. கை பறக்கிறது, சுழல்கிறது, ஒரு யானையாகிறது, மழையாகிறது. ஒரு பொடிசு எழுந்துவந்து அவளைக் கூப்பிட்டது. கூப்பிட்டால் கேட்காத இடத்தில் தொட்டுத்தான் கூப்பிட வேண்டும். அது சரியாகத் தழும்பின் நடுவில் தட்டியது. இவள் திரும்பிச் சிரித்தாள்.

அப்போதுதான் ஜன்னலில் அண்ணியின் முகத்தைக் கண்டாள். கண்டதும், நினைக்கக்கூட நேரமில்லாமல், இடது கையால் வலது சட்டைக் கையைச் சரேலென்று இழுத்து இறக்கிவிட்டாள்.

கலரக்கா ஜன்னலை விட்டு விலகி நின்றாள்; நாத்தனார் வெளியே வந்தாள்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஏழு ஆரம்பமும் எங்கேயோ போய்விட்டன.

"இங்க மடிச்சுத்தான் விட்டிருக்கியா?" என்றாள் கலரக்கா.

"இறக்கி விட்டா துணி கையை மறைக்கும், பசங்களுக்குப் பாதி வார்த்தை புரியாது. சட்டை கை பேசுதா மிஸ்னு கிண்டல் பண்ணுவாங்க."

"அப்ப வீட்டுல?"

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா அண்ணி? கட்டுப் பிரிச்ச புதுசுல எப்ப இந்தக் கையைப் பாத்தாலும் தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்து போயிடுவீங்க. ஒரு மாசத்துல பாதியா இளைச்சுட்டீங்க. எனக்குக் கைதான் வெந்துச்சு, நீங்க முழுசா வெந்துட்டிருந்தீங்க. சரி, கண்ணுல படாம இருந்தா சாப்பிடுவாங்கன்னு இறக்கிவிட்டேன். அப்படியே பழகிடுச்சு."

கலரக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தனக்கு எதிரே நீட்டிய விரல் என்று அவள் பதினோரு வருஷமாகப் பயந்த சட்டைக் கை, தனக்காக மூடிய கதவாக இருந்திருக்கிறது. "கைப்பிடி..." என்றாள். "அன்னிக்கு அந்தப் பாத்திரத்தோட கைப்பிடியை வெளிய நீட்டி விட்டது நான்தான். யார்கிட்டயும் சொல்லல."

"எனக்குத் தெரியாதா? இடிச்சதே நான்தானே!" என்று சிரித்தாள் நாத்தனார். "வீட்டுல ஒவ்வொரு பாத்திரத்தையும் சுவரைப் பாத்துத் திருப்பி வைக்கறீங்க. எதுக்குன்னு தெரியாமலா இருப்பேன்? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். கொஞ்சம் லேட் பண்ணிட்டீங்க."

"இன்னொண்ணும் இருக்கு." சொல்லும்போதே சொல்லிவிடுவது என்று கலரக்கா வெள்ளைத் துளிக் கதையையும் கொட்டினாள். "உன் தோல்ல ஒரு குறையும் இல்ல. குறை என் கையில. தேர்வுக்கு முன்னால திரும்பக் குத்தவும் முடியாது, ஆற நாள் பத்தாது. உன் வேலைக்கே உலை வெச்சுட்டேன்."

நாத்தனாரின் முகம் வாடத்தான் செய்தது. அவள் ஒன்றும் கல் அல்ல. தழும்பைப் புரட்டிப் பார்த்தாள். "கேமராவுக்குன்னு சொன்னது பாதிதான் அண்ணி. மீதிப் பாதி, இது மங்கிட்டா வீட்டுலயும் கையை மடிச்சு விடலாமேன்னுதான். வேர்க்குது" என்றாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதார்கள், சிரித்தார்கள். வகுப்பு ஜன்னலில் பதினாறு தலைகள் வரிசையாக வேடிக்கை பார்த்தன.

டாக்டரம்மாவிடம் மறுநாள் சொன்னபோது வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை. "பலகையில எழுதி மாட்டினது எதுக்கு, அழகுக்கா?" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பொரிந்து தள்ளினார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, "சொந்தக்காரங்களுக்கு நாங்களே வைத்தியம் பாக்கத் தயங்குவோம். உங்களை விட்டது என் தப்பும்தான்" என்றார். கடைசியில், "வெளுத்தா நிறம் ஏத்திக்கலாம். கறுத்திருந்தாத்தான் எடுக்கறது பெரும்பாடு. ஆற வேண்டியது ஆறட்டும், அப்புறம் வரச் சொல்லுங்க. நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றார்.

தேர்வுக்கு நாத்தனார் அரைக்கைச் சட்டையில் போனாள். மாலை வந்து நடந்ததைச் சொன்னாள். தேர்வு செய்கிறவர்களில் ஒருவர் காது கேளாதவர், பெரிய மீசைக்காரர். அவர்தான் தழும்பைக் காட்டி, இது என்ன, இங்கே ஒரு நிறம் அங்கே ஒரு நிறமாக இருக்கிறதே என்று சைகையில் கேட்டாராம். இவள் முகத்தை மிகவும் சோகமாக வைத்துக்கொண்டு சைகையிலேயே சொன்னாளாம்: 'சாலைப் பணி நடைபெறுகிறது. தடங்கலுக்கு வருந்துகிறோம்.' மீசைக்காரர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வாரத்தில் இரண்டு நாள், மதியச் செய்தி.

இரண்டாம் முறை கலக்கியபோது கலரக்கா வலது கையைத் தன் மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். விரலால் தழும்பின் ஓரம் முழுக்கத் தடவி, எங்கே வெளிறல் அதிகம், எங்கே குறைவு என்று பார்த்துப் பார்த்துக் கலந்தாள். வெள்ளைப் புட்டியை டாக்டரம்மா தன் கோட்டுப் பைக்குள் போட்டு வைத்துக்கொண்டார். கோடு தீட்டியதும் நாத்தனார் முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணி, சேத்துல கை விட்ட மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். ஆறு வாரம் வாயை மூடிட்டு இரு."

"எனக்கு வாயை மூடச் சொன்னா ஒண்ணும் ஆகாது, கையைத்தான் கட்டணும்" என்றாள் அவள். டாக்டரம்மா ஊசியைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதீர்கள், கோடு கோணும் என்று அதட்டினார்.

ஏழாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையலறை ஜன்னலில் நல்ல பகல் வெளிச்சம். நாத்தனார் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன்காரன் தண்ணீர் குடிக்க வந்தவன் தங்கையின் கையைப் பார்த்து, "எந்தக் கையில தழும்பு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போனான். கலரக்கா மட்டும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். கண் சும்மா இருக்குமா?

"மணிக்கட்டுகிட்ட அரைத் துளி மஞ்சள் பத்தல."

"டிவில தெரியாது, விடுங்க அண்ணி."

"எனக்குத் தெரியுதே."

நாத்தனார் ஈரக் கையை அப்படியே அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "தெரியட்டும். நல்லா பாத்துக்குங்க."

கலரக்கா பார்த்தாள். வேண்டிய மட்டும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டாள்.